முட்டி போடும் போட்டோ

ஏப்ரல் 22, திங்கள்

காதோரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு டை பிடிக்காமல் நரை தெரிந்தது. அந்த அம்மா கடைக்குள் வந்ததும் நான் முதலில் பார்த்தது அதைத்தான். பிறகுதான் அவர் கேட்டது காதில் விழுந்தது.

"ஸ்கூல் யூனிபார்ம் தைக்கணும். பாவாடை தாவணி. பழைய மாடல்."

"பாப்பா எத்தனாவது படிக்குது?" என்று வனஜாக்கா கேட்டார்.

"பாப்பாவுக்கு இல்லைங்க, எனக்கு." அவர் சிரித்தார். "எனக்கும், இன்னும் முப்பத்து மூணு பேருக்கும்."

பெயர் உமாமகேஸ்வரி. கோயம்புத்தூரில் இருக்கிறார். எங்கள் ஊர் பெண்கள் பள்ளியில் தொண்ணூற்று ஒன்பதில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர். இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டதால் அந்த வகுப்பு முழுவதும் மே பத்தொன்பதாம் தேதி பள்ளிக்கூடத்தில் கூடப் போகிறார்களாம். எல்லோரும் யூனிபார்ம் போட்டு, இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டி வர வேண்டும். மணி அடிப்பார்கள், பிரேயர் நடக்கும், டீச்சர் வருகைப் பதிவு எடுப்பார். வனஜாக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் முப்பத்து நான்கு செட் என்றதும் அடக்கிக்கொண்டார்.

நான் வனஜாக்காவின் தையல் கடையில் டிசம்பரிலிருந்து வேலை பார்க்கிறேன். காஜா எடுப்பது, ஹூக் வைப்பது, ஓரம் தைப்பது. அம்மாவுக்கு இளைப்பு அதிகமாகிவிட்டதால் பத்தாம் வகுப்பில் பாதியிலேயே நின்றுவிட்டேன். நிறைய வீடுகளில் இப்படித்தான்.

"நீயும் நம்ம ஸ்கூலாம்மா?" என்று உமா மேடம் என்னைக் கேட்டார். தலையை ஆட்டினேன்.

"எந்த ஹவுஸ்?"

"முல்லை."

"அட, நானும் முல்லைதான்." கையைத் தூக்கி, "முல்லைக்கு இல்லை எல்லை" என்று கத்தினார். எதிரே டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன, நீ சொல்ல மாட்டியா?"

சிரித்து வைத்தேன். விளையாட்டு விழாவில் மூன்று வருடம் முல்லை அணிக்குக் கொடி பிடித்தது நான்தான். உயரமாக இருக்கிறேன் என்று நிறுத்தினார்கள். கொடி பிடிப்பவள் கத்த வேண்டியதில்லை. அதனால் எனக்கு அந்த நாள் பிடிக்கும்.


ஏப்ரல் 26, வெள்ளி

அளவுகள் போனில் வந்துகொண்டே இருக்கின்றன. வனஜாக்கா சத்தமாகப் படிப்பார், நான் எழுதுவேன். இடுப்பு இருபத்தெட்டு, இருபத்தொன்பது, இருபத்தெட்டு.

"எல்லாவளும் கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்த அளவை அனுப்புறாளுக" என்றார். அந்த வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு போட்டோவை என்னிடம் காட்டினார். "இதுல எந்த இடுப்புடி இருபத்தெட்டு? நீயே சொல்லு. ஒண்ணும் சொல்லாத. நாலு இஞ்சு உள்ள மடிச்சு வச்சுத் தைப்போம். அன்னிக்கு வந்து நிக்கட்டும், பிரிச்சு விட்டுக்கலாம்."

அன்றைக்கு என்னையும் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்கிறார். பிரித்துவிட, ஊசி குத்திவிட.

சரி என்றேன். கடையிலிருந்து வீட்டுக்கு இன்றும் பின் சந்து வழியாகத்தான் வந்தேன். பள்ளிக்கூட வாசல் வழியாக வந்தால் வெயில் அதிகம்.


ஏப்ரல் 30, செவ்வாய்

மெர்சி சிஸ்டர் அளவு கொடுக்க வந்தார். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வகுப்பில் இந்த ஊரிலேயே இருப்பவர் அவர் ஒருவர்தான். டூட்டி முடிந்து வெள்ளை உடையோடு வந்திருந்தார்.

"எனக்கு எதுக்கு இதெல்லாம்? உமாதான் விட மாட்டேங்கிறா" என்று சொல்லிக்கொண்டே கையை விரித்து நின்றார். வனஜாக்கா அளவெடுத்தார். அவரும் என் உயரம், என் உடம்பு.

பிறகு என்னைப் பார்த்து, "நீ எந்த ஸ்கூலு?" என்றார்.

"நின்னுட்டேன் சிஸ்டர்."

"ஏன்?"

"அம்மாவுக்கு இளைப்பு."

"உங்கம்மா மில்லுக்குப் போற பாண்டியம்மாதானே? நம்மகிட்டதான் மாத்திரை வாங்க வருவாங்க. அவங்களுக்கு அது எட்டு வருஷமா இருக்கே."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குரலைத் தணித்து, "கணக்கா?" என்று கேட்டார்.

ஒரு தாவணிக்கு ஓரம் அடிக்க வேண்டியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.


மே 3, வெள்ளி

உமா மேடம் மறுபடி வந்தார். இப்போது அவரை அக்கா என்று கூப்பிடச் சொல்கிறார். ஒரு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து விழா எப்படி நடக்கப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். குளிர்பானம் வாங்கிவரச் சொல்லி எனக்கும் ஒன்று கொடுத்தார்.

பிரேயர் முடிந்ததும் வகுப்பு. கணக்கு சந்திரமதி டீச்சர்தான் வகுப்பு எடுப்பார். அவர்தான் இப்போது தலைமையாசிரியை. அவருக்குப் பட்டுப்புடவை எடுத்திருக்கிறார்கள், கேடயம் செய்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கடைசி நிகழ்ச்சிதான் முக்கியமாம். முட்டி போடும் போட்டோ.

"அப்படின்னா?" என்று வனஜாக்கா கேட்டார்.

"டீச்சர்கிட்ட முட்டி போடாதவ எங்க செட்டுல எவளுமே கிடையாது. பத்தாம் வகுப்புக்கு வெளிய இருக்குல்ல வராண்டா, அதுலதான் போடச் சொல்வாங்க. அதே இடத்துல முப்பத்து நாலு பேரும் வரிசையா முட்டி போட்டு, டீச்சர் கையில பிரம்போட நிக்க, ஒரு போட்டோ. பிரம்பு மதுரையில இருந்து வாங்கியாச்சு. நான்லாம் அங்கதான் குடியிருந்தேன். அந்த முட்டிதாங்க இன்னிக்கு என்னை நாலு கடைக்கு முதலாளி ஆக்குச்சு."

"அடி வாங்கினதுல இவ்வளவு சந்தோஷமா?"

"அது அடியில்லங்க. உரிமை."

நான் ரவிக்கைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். வனஜாக்கா திடீரென்று என் பேச்சை எடுத்துவிட்டார். "இவளும் அந்தப் பள்ளிக்கூடந்தான். பாதியில நிக்குறா. நீங்க உங்க டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி ஜூன்ல பத்தாவதுல சேத்து விடுங்களேன். எனக்கு ஆள் போயிரும். போனாப் போகுது."

உமாக்கா என் பக்கம் திரும்பினார். "அவ்வளவுதானே? நான் கேட்டா டீச்சர் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. நீ படிக்கிறியா? உனக்கு ஆசை இருக்கா?"

இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். தலையைத்தான் ஆட்டினேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

எனக்கு ஆசை இருக்கிறது. இங்கேயாவது எழுதிவைக்கிறேன். மிகவும் இருக்கிறது.


மே 4, சனி

வேலை அதிகம். எழுத ஒன்றுமில்லை.


மே 7, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். அம்மா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பள்ளிக்கூடத்துக்கேவா?"

"ஆமா."

"மறுபடியும் அந்தம்மா முன்னாடி போய் நிக்கணுமா நாம?"

"நிக்கிறதுக்கு இல்லம்மா. படிக்கிறதுக்கு."

அம்மா புளியைப் பிழிந்துகொண்டே இருந்தார். சக்கை மட்டும்தான் கையில் இருந்தது. "எனக்கு இளைப்புன்னு என்னையே சொல்லச் சொன்னாங்க. நானும் சொன்னேன். அன்னிக்கு நான் என்ன செஞ்சிருக்கணும் தெரியுமா..." என்று ஆரம்பித்தார்.

தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். திரும்பி வந்தபோது அம்மா வேறு பேச்சுப் பேசினார்.


மே 10, வெள்ளி

பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டது.

மத்தியானம் சிவசங்கரி கடைக்கு மிட்டாயோடு வந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். நானூற்றுப் பன்னிரண்டு வாங்கியிருக்கிறாள். வனஜாக்கா அவள் கன்னத்தைக் கிள்ளினார்.

"இந்த வருஷமும் நம்ம ஸ்கூல் நூறு பெர்சன்ட், ஜோதி. தொடர்ந்து ஒன்பது வருஷமாம். வாசல்ல ஃப்ளெக்ஸ் கட்டிட்டாங்க. மேளமெல்லாம் வந்துச்சு. ஹெச்எம் கூட ஆடுனாங்க, கொஞ்சம்."

"எல்லாரும் பாஸா?"

"எழுதினவங்க எல்லாரும்" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "நான் வரேன்டி" என்று உடனே போய்விட்டாள். நல்ல பெண். மிட்டாய் டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போனாள்.

இதை எழுதக் கூடாது என்று இருந்தேன். இன்று எழுதுகிறேன்.

எனக்குக் கணக்கு வராது என்பது முழு உண்மை இல்லை. வாய் வராது. டீச்சர் எழுப்பி, அடுத்த வரி என்ன என்று கேட்டால் எனக்குத் தெரிந்த நாட்களிலும் குரல் வந்ததில்லை. "திமிரு" என்பார் டீச்சர். வெளியே போய் முட்டி போடச் சொல்வார். பத்தாம் வகுப்பு வராண்டா வழியாகத்தான் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் தண்ணீர் குடிக்கப் போவார்கள். ஆறாம் வகுப்புச் சின்னப் பிள்ளைகள் என்னைத் தாண்டும்போது பேச்சை நிறுத்திவிட்டு, தாண்டிய பிறகு மறுபடி பேச ஆரம்பிப்பார்கள். முதலில் எப்போதாவது நடந்தது. ஆகஸ்டுக்குப் பிறகு கணக்குப் பாடவேளை வந்ததும் டீச்சர் கேள்வியே கேட்காமல் கையை வாசல் பக்கம் காட்டுவார். நானாகவே எழுந்து போவேன்.

நான் வெளியே இருக்கும்போது உள்ளே நடத்திய கணக்குகள்தான் எனக்குத் தெரியாமல் போயின. அதனால் தேர்விலும் போயிற்று.

நவம்பரில் அம்மாவைக் கூப்பிட்டார்கள். டீச்சர் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து மரியாதையாகத்தான் பேசினார். "இவ எழுதினா பெயில் ஆயிருவா. ஸ்கூலுக்கு நூறு போயிரும். மத்த பிள்ளைங்க எல்லாம் ராப்பகலா படிக்குதுங்க. ஒருத்தியால அந்தப் பேரு கெடணுமா? நீங்களே யோசிச்சுப் பாருங்க." வீட்டுச் சூழ்நிலையால் நிறுத்துகிறோம் என்று சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் கௌரவம் என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்திருக்கலாம்.

அந்த மாதம் என்னோடு இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

சாயங்காலம் பள்ளிக்கூட வாசல் வழியாக வந்தேன். ஃப்ளெக்ஸ் பெரியதாக இருந்தது. நடுவில் டீச்சர் படம், சுற்றிலும் முதல் மதிப்பெண் வாங்கியவர்கள், மேலே நூறு. அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. நம்ம ஸ்கூல் என்று. அது வந்துவிட்ட பிறகுதான் தடுக்க முடிந்தது.


மே 15, புதன்

உமாக்கா போன் செய்தார். வனஜாக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"டீச்சர்கிட்ட பேசிட்டேன். கூட்டிட்டு வா உமா, பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அறிவிச்சிரலாம். எங்க செட்டே அவளைப் படிக்க வைக்கும். சொல்லுங்க அவகிட்ட."

"இங்கதான் நிக்குறா."

"ஏய், சந்தோஷமா?"

"சரிங்கக்கா" என்றேன்.

கணக்குப் புத்தகத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. எடுத்து உட்கார்ந்தேன். காரணிப்படுத்துதல் வரை வந்தது. அதற்கு மேல் வெளியே இருந்த நாட்கள்.

மத்தியானம் வனஜாக்கா சாப்பிடப் போன நேரத்தில் கடையில் யாருமில்லை. இஸ்திரி மேசையைப் பார்த்து, "வணக்கம் டீச்சர், நான் நாகஜோதி. மறுபடி படிக்க வந்திருக்கேன்" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். நான்காவது தடவை நன்றாக வந்தது.


மே 18, சனி

எல்லா செட்டும் தயார். மெர்சி சிஸ்டர் மட்டும் இன்னும் வாங்கவில்லை. வனஜாக்கா போன் செய்தால், நாளைக்கு டூட்டி மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றாராம்.

"காசு குடுத்துத் தச்சது வீணாப் போகுதே சிஸ்டர்."

"அந்தப் பொண்ணு போட்டுக்கட்டும். அவளுக்குச் சரியா இருக்கும்."

வனஜாக்காவுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. அந்தக் கூட்டத்தில் சுடிதாரோடு தனியாகத் தெரிய வேண்டாம் என்கிறார். எங்கள் காலத்தில் யூனிபார்ம் சுடிதார்தான். தாவணி நான் கட்டியதே இல்லை. வனஜாக்கா கட்டிக் காட்டினார். கண்ணாடியில் பார்த்தேன். நன்றாக இருந்தது.

நாளைக்கு டீச்சரிடம் நான் பேச வேண்டும். உமாக்கா பேசினாலும் நான் ஒரு வார்த்தையாவது பேச வேண்டும்.


மே 19, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே போய்விட்டோம். சமையலறைக்குப் பக்கத்து அறையைக் கொடுத்தார்கள். வனஜாக்கா கணித்தது சரி. ஒருவருக்கும் பாவாடை இடுப்பில் ஏறவில்லை. "துணி சுருங்கிப்போச்சு போல" என்று ஒருவர் சொன்னார். "ஆமாங்க, புதுத்துணி அப்படித்தான்" என்று வனஜாக்கா முகத்தில் சிரிப்பே இல்லாமல் பிரித்துவிட்டார். நான் சடை பின்னி ரிப்பன் கட்டினேன். சிலருக்குப் பின்னுவதற்கு முடி போதவில்லை.

"ஏய், இவ யாருடி, புதுசா இருக்கா?"

"மெர்சிடி. டூட்டி பாத்துப் பாத்து இளைச்சுட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர்கள் என்னை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். மணி அடித்ததும் நாற்பது வயதுக்காரர்கள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். நானும் ஓடினேன்.

சந்திரமதி டீச்சர் அவர்கள் கொடுத்த பட்டுப்புடவையில் வந்தார். பத்தாம் வகுப்பு அறையில் எல்லோரும் நெருக்கி உட்கார்ந்தோம். டீச்சர் வருகைப் பதிவு எடுத்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை, ஒரு கைதட்டல். "மெர்சி" என்றார். யாரோ என் முதுகில் கிள்ளினார்கள்.

"உள்ளேன் டீச்சர்" என்றேன்.

குரல் தெளிவாக வந்தது. என் பெயராக இருந்திருந்தால் வந்திருக்காது. டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எல்லோரும் சிரித்ததால் அவரும் சிரித்தார்.

அப்போது உமாக்கா எழுந்து மைக்கை வாங்கினார். என்னை முன்னால் இழுத்து நிறுத்தி, என் கதையைச் சொன்னார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் படிப்பை விட்ட பெண், நம்ம ஸ்கூல் பெண், நம்ம முல்லைப் பெண். "டீச்சர், ஜூன்ல இவ பத்தாவதுல உக்காரணும். இது எங்க செட்டோட வேண்டுகோள்." டீச்சர் என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். புடவை புதுத்துணி வாசம் அடித்தது. "என் பொண்ணு மாதிரி இவ. இதை நீங்க கேக்கணுமா?" என்று மைக்கில் சொன்னார். கைதட்டல் நிற்கவில்லை. சிலர் அழுதார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். இஸ்திரி மேசையிடம் சொன்னது ஒன்றும் வரவில்லை. அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

சாப்பாடு பந்தி போட்டார்கள். டீச்சர் பாயசத்தை அவரே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இலையாக வந்தார். எனக்கு ஊற்றிவிட்டு, "சாப்பிட்டுட்டு கை கழுவுற இடத்துக்கு வா" என்றார்.

போனேன்.

"நாகஜோதிதானே? எனக்கு மறக்கலை. நல்லா இருக்கியா? தையல் கத்துக்கிறது நல்லது." ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். "இங்க பாரு. அவங்க ஆசையில கேக்குறாங்க. நாளைக்கு ஊருக்குப் போயிருவாங்க. பத்தாவதுல உக்கார்றதுங்கிறது நமக்குள்ள பேச வேண்டிய விஷயம். அடுத்த வருஷம் பத்தாவது வருஷம். நூறுல பத்து வருஷம்னா மந்திரி கையால விருதுக்குப் பேர் போகும். நீ தனித்தேர்வரா எழுது. வீட்டுல இருந்து படி. பாஸாயிட்டேன்னா பதினொண்ணுல நானே இடம் தரேன். பாஸாகலைன்னாலும் யாருக்கும் தெரியப் போறதில்லை. உனக்கும் கஷ்டமில்லை."

திட்டவில்லை. குரல்கூட உயரவில்லை. என் தாவணி மடிப்பு விலகியிருந்ததைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

நான் மறுபடி பந்திக்குப் போகவில்லை. வனஜாக்கா ஒரு பாவாடையைப் பிரித்துக்கொண்டிருந்தார். "என்னடி சொன்னாங்க?" என்றார். "சாப்பிட்டியான்னு கேட்டாங்க" என்றேன்.

மூன்று மணிக்கு முட்டி போடும் போட்டோ. வராண்டாவில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள், முட்டி வலிக்காமல் இருக்க. வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸை அவிழ்த்து வந்து பின்னால் கட்டியிருந்தார்கள்.

"ஏய், எனக்கு முட்டியில சத்தம் வருதுடி."

"நான் மாத்திரை போட்டுட்டுதான் வந்தேன்."

"டீச்சர், நான் வீட்டுப்பாடம் செய்யலை டீச்சர். என் புருஷன் செஞ்சு தரலை."

ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு முட்டி போட்டார்கள். உமாக்கா என்னைப் பார்த்து, "மெர்சி, வாடி, இடம் காலியா இருக்கு" என்றார். வரிசையின் ஓரத்துக்குப் போனேன். அதற்கு முன்பே ஜமுக்காளம் முடிந்துவிட்டது. சிமெண்ட் தரையில் போட்டேன். என் முட்டிகளுக்கு அந்தத் தரை தெரியும்.

டீச்சர் பிரம்போடு வரிசையில் நடந்து ஒவ்வொருவர் கையிலும் தட்டினார். "இன்னொண்ணு டீச்சர், எனக்குப் பத்தலை" என்று கேட்டு வாங்கினார்கள். என்னிடம் வந்தபோது பிரம்பைத் தாழ்த்திவிட்டுத் திரும்பினார். போட்டோக்காரர் மூன்று எடுத்தார். காதைப் பிடித்துக்கொண்டு ஒன்று. கைகளைத் தூக்கிக்கொண்டு ஒன்று.

"முடிஞ்சது" என்றார்.

எல்லோரும் முனகிக்கொண்டே எழுந்தார்கள். ஜமுக்காளத்தை ஒருவர் சுருட்டினார். நான் எழவில்லை.

"போட்டோ முடிஞ்சிருச்சும்மா" என்றார் உமாக்கா.

"தெரியும்க்கா."

"கால் மரத்துப்போச்சா? கையைக் குடு."

கையைக் கொடுக்கவில்லை. சிலர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் திரும்பி வந்தார். "எழுந்திரும்மா" என்றார். கொஞ்சம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "எழுந்திரு. எல்லாரும் பாக்குறாங்க" என்றார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். இந்த இடத்தில் என்னை எப்போதுமே எல்லோரும்தான் பார்த்தார்கள்.

"பத்தாவதுல என்னை உக்கார வைப்பீங்களா டீச்சர்?" என்றேன்.

என் குரல்தான். இந்தப் பள்ளிக்கூடத்தில் அதை நான் அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை.

"அதான் காலையிலேயே சொல்லிட்டேனே."

"கை கழுவுற இடத்துல வேற சொன்னீங்க டீச்சர். வெளிய இருந்து எழுதுன்னு. நூறு போயிரும்னு. நவம்பர்லயும் அதான் சொன்னீங்க. எங்கம்மாவுக்கு இளைப்பு எட்டு வருஷமா இருக்கு. நான் அதுக்காக நிக்கலை."

உமாக்கா டீச்சரைப் பார்த்தார். ஃப்ளெக்ஸைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

டீச்சரின் கண்கள் கலங்கின. "என் முப்பது வருஷ சர்வீஸ்ல யாரும் என்னை இப்படி நிறுத்திக் கேட்டதில்லை" என்றார். "அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். உங்க எல்லாருக்கும் செஞ்சதும் உங்க நல்லதுக்குத்தானே?"

"ஆமா டீச்சர்" என்று இரண்டு மூன்று பேர் உடனே சொன்னார்கள். ஒருவர் டீச்சரின் தோளைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் தண்ணீர் எடுக்க ஓடினார்.

உமாக்கா என் அருகில் உட்கார்ந்தார். "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்மா. அவங்களுக்குத் தெரியாததா? இன்னிக்குப் போய் இப்படிப் பண்ணலாமா? வருஷக்கணக்கா பிளான் பண்ணியிருக்கோம்."

"நீங்க முட்டி போட்டப்ப உள்ள என்ன கணக்கு நடத்தினாங்கக்கா?" என்று கேட்டேன்.

அவர் எழுந்துபோய் டீச்சருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். கேடயம் கொடுக்க நேரமாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் அரங்கத்துக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் பள்ளிப் பாட்டுக் கேட்டது. அதன் பிறகு எல்லா ஹவுஸின் கோஷமும் கேட்டது. முல்லைதான் அதிகச் சத்தம்.

வனஜாக்கா வந்து என்னைத் தூக்கிவிட்டார். "வா" என்றார். என் சுடிதார் அந்த அறையில் இருந்தது. அறையைப் பூட்டிவிட்டிருந்தார்கள். தாவணியோடுதான் வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலில் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "உனக்கு நல்லா இருக்கு" என்றார்.


மே 20, திங்கள்

அம்மா மில்லுக்குப் போன பிறகு பழைய சுடிதார் ஒன்றை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு கிளம்பினேன். வனஜாக்காவுக்கு மத்தியானம் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் குழுவில் போட்டோக்கள் வந்திருக்கின்றனவாம். முட்டி போட்ட படத்தில் ஓரத்தை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்லியனுப்பினார்.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் படிக்கும் பள்ளி. எங்கள் பள்ளியில் அதைப் பற்றிக் கேலியாகத்தான் பேசுவோம். அவர்கள் தேர்ச்சி ஐம்பத்தெட்டு சதவீதம். நானும் கேலி பேசியிருக்கிறேன். வாசலில் ஃப்ளெக்ஸ் எதுவும் இல்லை.

வாட்ச்மேன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டார்.

"பத்தாவதுல சேரணும்ண்ணே."

"பெரியவங்க யாரும் வரலையா?"

"நான்தான் வந்திருக்கேன்."

"ஹெச்எம் வர பத்து மணி ஆகும். அந்த பெஞ்சுல உக்காரு."

"பரவாயில்லண்ணே" என்று சொல்லிவிட்டு, ஆபீஸ் வாசலில் நின்றேன்.